கதவுச் சத்தத்துக்கு அஞ்சிய யானைகள்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து துபாய் சத்வாவில் டெய்லர் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் நம் ஊர் இளவட்டங்கள் நாலு பேர். கென்யா போய்விட்டு வந்திருக்கிறார்கள். ஒருவன் ஃபோனில் படம் ஓட்டிக் காட்டுகிறான். வண்டிக்கு மூன்று முழம் தள்ளி ஒரு யானை நிற்கிறது.

“டிரைவர் மொதல்ல முடியாதுன்னான் மச்சான். அம்பது டாலரைக் காட்டினேன் பாரு, யானை மடியிலயே கொண்டுபோய் நிறுத்திட்டான்.”

“காதை ஆட்டுது பார்றா, நமக்கு ஹாய் சொல்லுது.”

எட்டிப் பார்த்தேன். காது இரண்டும் விரிந்திருக்கிறது. கன்னத்தில் ஈரக்கோடு இறங்கியிருக்கிறது. குட்டியைப் பின்னங்காலுக்குள் தள்ளி மறைத்திருக்கிறது. ஹாயாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத்தான் என்ன யோக்கியதை? என் வாயால் ஒரு யானை செத்திருக்கிறது.

போகப் போகிறவர்களுக்காக அந்தப் பயணத்தை இங்கே சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசப் பேச ஃபோன் எழுதிக்கொள்கிறது, மருமகள் பிழை பார்த்து நெட்டில் ஏற்றுகிறாள். கோபத்தை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எழுபத்தாறாம் வருஷம், ஆகஸ்ட் முதல் வாரம். நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் துபாயில் ஒரு அர்பாப், அதாவது அரபு முதலாளி, வீட்டில் சமையற்காரன். எங்கள் தொண்டிப் பக்கத்தில் பண்டாரி என்பார்கள். அர்பாபுக்கு மொம்பாசாவில் ஒரு மர வியாபாரியோடு கணக்கு இருந்தது. அங்கிருந்து சதுப்புநிலக் காட்டுக் கம்புகள் பாய்மரக் கப்பலில் துபாய்க்கு வரும், கூரைக்குப் போடுவார்கள். அந்த வருஷம் வந்த சரக்கில் பாதி உளுத்திருந்தது. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று அர்பாப் முடிவு செய்தார். மரம் பார்க்கக் கம்பெனி இன்ஜினீயர் ராமநாதன் சார், அவர் மனைவி சரோஜா அம்மா, வேறு கை சமைத்தால் வயிறு கெடும் என்பதால் நான். ராமநாதன் சார் கும்பகோணத்துக்காரர். சத்வாவில் கம்பெனி கொடுத்த வீட்டில் இருந்தார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முந்தியே போட வேண்டும். அந்த அட்டை இல்லாமல் இறங்க விட மாட்டார்கள். இப்போது ஐந்து மணி நேரத்தில் நைரோபி போய்விடுகிறீர்கள். எங்களுக்கு விமானம் வழியில் ஓரிடத்தில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு ஒன்பது மணி நேரம் ஆனது. அங்கிருந்து மாலை ஏழு மணி ரயில், மறுநாள் காலை எட்டரைக்கு மொம்பாசா. இரண்டாம் வகுப்பு எழுபது ஷில்லிங், சாப்பாடு தனி. ஒரு திர்ஹம் கொடுத்தால் இரண்டு ஷில்லிங்.

அந்த மரக்காரரோடு அர்பாபின் சண்டை மூன்று நாள் நீண்டது. உளுத்த மரத்தைச் சார் முதல் நாளே எண்ணிக் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் அர்பாபே சொன்னார்: “நீங்கள் ஏன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு? போய் யானை பார்த்து வாருங்கள். கலாஸ்.” மரக்காரரின் லேண்ட்ரோவரும் அதன் டிரைவர் ஜுமாவும் கிடைத்தார்கள். எனக்கும் போகச் சொல்லி உத்தரவு, ஏனென்றால் ஜுமாவின் பேச்சு எனக்குத்தான் புரிந்தது. அவருக்கு நாற்பது வயது இருக்கும், எனக்கு இருபத்தாறு. அவருடைய சுவாஹிலியில் கால்வாசி அரபு, மரக்காரரிடம் கற்ற இந்தி கொஞ்சம். மூன்று நாள் மரக்கிடங்கில் அடுப்பு மூட்டிக்கொண்டு பேசியதில் எங்களுக்குள் ஒரு பாஷை அமைந்துவிட்டது. என்னை ‘ரஃபீக்’ என்றுதான் கூப்பிடுவார். சினேகிதன் என்று அர்த்தம், அரபு, சுவாஹிலி இரண்டு பாஷையிலும்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். நைரோபி சாலையில் தொண்ணூற்றாறு மைல், அங்கே வலது பக்கம் திரும்பினால் காட்டு வாசல். காட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே கிளம்புவீர்கள். நுழைவுக்கட்டணம் ஆளுக்கு இருபது ஷில்லிங், வண்டிக்குப் பத்து. கிளம்பும்போதே ஜுமா என் சட்டையை முகர்ந்து பார்த்து, அத்தரைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். நான் கழுவினேன். ராமநாதன் சார் மாட்டேன் என்றார். வழியில் ஒரு சந்தையில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார்.

“எதுக்குங்க இவ்வளவு?” என்றார் சரோஜா அம்மா.

“வெறுங்கையோட யானையைப் பாக்கப் போவாளா யாராவது? சின்ன வயசுல கோயில் யானைக்கு நான் கொடுக்காத பழமா? தும்பிக்கையால வாங்கிண்டு தலையில ஒரு தட்டு தட்டும் பாரு, அன்னிக்குப் பரீட்சை பாஸ்தான்.”

“அப்போ இன்னிக்கு என்ன பரீட்சை?”

“போட்டோ. என்னையும் யானையையும் சேத்து நீ எடுக்கப் போற.”

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

முதலில் பார்த்த கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. ஒரு மைல் தூரத்தில் சிவப்பாக ஏதோ நகர்ந்தது. அங்கே மண் சிவப்பு, அதை மேலே வாரிப் போட்டுக்கொண்டு யானைகள் செங்கல் நிறத்தில் இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு பேர், ஒரு சத்தமில்லை. புழுதி மட்டும் நின்றது. நான் பார்த்த யானையெல்லாம் பாகனுக்குப் பின்னால் மணி கட்டி வந்தவை. மனிதனைக் கண்டு யானை ஓடுவதை அன்றுதான் பார்த்தேன்.

“என்ன பாய், இப்படி ஓடறது? திருட்டு யானையா?” என்றார் ராமநாதன் சார். திருடியது யார் என்று ஜுமா பிறகு சொன்னார்.

வாசலிலிருந்து பதினெட்டு மைலில் ஒரு தண்ணீர்க் குட்டை. பகல் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்று எங்கள் பக்கம் வீசும்படி ஜுமா வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய், தண்ணீருக்கு நூற்றைம்பது கெஜம் தள்ளி ஒரு முட்புதரை ஒட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். இனி ஒருவரும் பேசக் கூடாது.

மூன்றரைக்கு வந்தன. பதினொன்று. எல்லாம் பெண் யானைகளும் குட்டிகளும். வந்ததும் தண்ணீருக்குள் இறங்கவில்லை. தூரத்திலேயே நின்று தும்பிக்கைகளை உயர்த்திக் காற்றைத் தடவின. கிழவி ஒருத்தி முன்னால் நின்றாள். அவளுக்கு ஒரே தந்தம். இடக்காதில் அச்சு வைத்துக் குத்தினாற்போல் வட்டமாக ஒரு ஓட்டை, அதன் வழியே வானம் தெரிந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நின்றாள். வைப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற கால் அது. தண்ணீர் கண்முன்னே கிடக்கிறது, குட்டிகள் முண்டுகின்றன, அவள் விடவில்லை. முக்கால் மணி நேரம். ஆகஸ்ட் வெயிலில் கட்டட சைட்டில் தண்ணி லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு அது என்ன என்று தெரியும்.

ஜுமா என் காதோடு சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே குட்டையில் துப்பாக்கிக்காரர்கள் தந்தத்துக்காக வந்தார்கள். பதினெட்டாக இருந்த கூட்டம் பதினொன்றானது அப்போதுதான். வண்டியில்தான் வந்தார்கள். கதவைத் திறந்து இறங்கிச் சுட்டார்கள்.

“வண்டி நின்றால் இவள் பொறுத்துக்கொள்வாள், ரஃபீக். கதவுச் சத்தத்தைப் பொறுக்க மாட்டாள். கதவு திறந்தால் அடுத்தது வெடி என்று அவளுக்குத் தெரியும். கன்னத்தைப் பார், ஈரம். மதம் இல்லை, பயம். இங்கே பெண் யானைக்கும் பயந்தால் வழியும். அவரிடம் சொல். கதவு வேண்டாம். கத்தர்.” கத்தர் என்றால் ஆபத்து. கம்பெனி சைட்டில் மண்டையோடு படம் போட்டு எழுதியிருக்கும், வாசிக்கத் தெரியாவிட்டாலும் எனக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரியும்.

பின் சீட்டிலிருந்து ராமநாதன் சார் குனிந்தார். “என்ன பாய், என்ன முணுமுணுக்கிறான்?”

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வளைகுடாவில் எங்களுக்கு மூன்று சொல் இருந்தால் பிழைப்பு ஓடிவிடும். யல்லா என்றால் கிளம்பு, கலாஸ் என்றால் முடிந்தது, அப்புறம் மாஃபி முஷ்கில். மேலே இருப்பவர் எதைக் கேட்டாலும் முடியாது, கூடாது, ஆபத்து என்று கீழே இருப்பவன் வாயிலிருந்து வரக் கூடாது. சிமெண்ட் வரவில்லையா? மாஃபி முஷ்கில். சாரம் ஆடுகிறதா? மாஃபி முஷ்கில், ஒன்றும் பிரச்சினையில்லை. கெட்ட செய்தியை மேலே கொண்டுபோனவன்தான் முதலில் ஊருக்கு அனுப்பப்படுவான். ஐந்து வருஷத்தில் அது என் நாக்கில் எச்சில் மாதிரி ஊறிப்போயிருந்தது.

“ஒண்ணுமில்ல சார்,” என்றேன். “மாஃபி முஷ்கில்.”

கிழவி கால் வைத்தாள். பின்னால் எல்லாம் இறங்கின. அவை குடிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஒரு குட்டி, மாடு அளவுகூட இருக்காது, சேற்றுக்குள் முன்னங்கால் மடங்கிப் புரண்டது. சரோஜா அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அவ்வளவு அழகு. அதற்குள் பின்கதவுத் தாழ்ப்பாள் ‘டணக்’ என்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தகரச் சத்தம் கேட்ட அடுத்த நொடி குட்டை காலி. பத்து யானை கரையேறி ஓடுகின்றன. சேற்றில் கால் மாட்டிய குட்டி மட்டும் கத்துகிறது. கிழவி பாதியில் நின்று திரும்பினாள்.

ராமநாதன் சார் வாழைப்பழச் சீப்பை நீட்டிக்கொண்டு பத்தடி முன்னால் போயிருந்தார். “வா, வா... சரோஜா, எடு!”

அவள் காதை விரித்துக்கொண்டு வந்து முப்பது அடியில் நின்று மண்ணை உதைத்தாள். “போ” என்பதை அதற்கு மேல் யார் எப்படிச் சொல்ல முடியும்? சார் பழத்தை இன்னும் நீட்டினார். அவள் காதை மடித்தாள், தும்பிக்கையைச் சுருட்டினாள். அப்போதுதான் ஜுமா குதித்தார். சுற்றி ஓடிப்போய் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டிக்குள் தள்ளினார். தான் ஏறுவதற்குள் அவள் வந்துவிட்டாள். நெற்றியால் ஒரே மோதல். வண்டிக்கும் அவளுக்கும் நடுவில் ஜுமாவின் வலது கால்.

இன்னொரு மோதல் போதும், நாங்கள் நாலு பேரும் மிச்சமிருக்க மாட்டோம். அவள் மோதவில்லை. திரும்பிப் போனாள், சேற்றில் முழங்கால் போட்டு, தும்பிக்கையைக் குட்டியின் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கி, முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். வெறி பிடித்தது செய்கிற காரியமா அது?

ஜுமாவை நானும் அம்மாவும் இழுத்து ஏற்றினோம். சார் ஓட்டினார். பதினெட்டு மைல், ஐம்பத்தைந்து நிமிஷம். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டும் நொறுங்கிவிட்டது என்றார்கள்.

கட்டிலில் கிடந்தபடி ஜுமா என் கையைப் பிடித்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “காட்டு அதிகாரி வந்து கேட்பார். கதவை யார் திறந்தது என்று சொல். காரணமில்லாமல் ஆளை அடித்த யானை என்று எழுதினால் நாளைக்கே சுட்டுவிடுவார்கள். நான் டிரைவர், என் பேச்சு எடுபடாது. நீ கூட இருந்தவன். சொல்வாயா, ரஃபீக்?”

“சொல்றேன்” என்றேன்.

வராந்தாவில் வந்து நின்ற அதிகாரிக்குக் கொடுக்க ராமநாதன் சார் வாக்குமூலம் எழுதி முடித்திருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். படித்துச் சொன்னார். மதம் பிடித்த யானை காரணமின்றி வண்டியைத் தாக்கியது, டிரைவர் விதியை மீறி இறங்கியதால் காயப்பட்டான்.

“சார், கதவைத் திறந்தது...”

“பாய்.” குரலைத் தாழ்த்தினார். “வண்டிய விட்டு எறங்கறது இங்க குத்தம். கேஸாச்சுன்னா பாஸ்போர்ட்டப் புடிச்சு வெச்சுப்பான். அர்பாபுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேர் விசாவும் காலி. உங்க வீட்ல எத்தன பேர் சாப்பிடறா உங்க காசுல?”

“ஏழு பேர் சார்.”

“அப்போ வைங்க.”

வைத்தேன். இடது கைப் பெருவிரல், நீல மை. எழுத்துத் தெரியாதவன், ஏமாந்துவிட்டான் என்று யாரும் எனக்குப் பரிந்து பேச வேண்டாம். படித்துக் காட்டினார், கேட்டேன், வைத்தேன். காகிதத்தை வாங்கிக்கொண்ட அதிகாரி என் பக்கம் திரும்பி, “இதுதான் நடந்ததா?” என்று இந்தியிலேயே கேட்டார். தலையாட்டினேன். மறுநாள் காலை ஏழே காலுக்கு அந்தக் காட்டுக்குள்ளிருந்து இரண்டு வெடி கேட்டது. ஜுமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னை ரஃபீக் என்று கூப்பிடவில்லை. கூப்பிடவே இல்லை.

துபாய் திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ராமநாதன் சார் வீட்டில் விருந்து. பிரியாணிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் தட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன், சார் யானைக் கதை சொல்கிறார். யானை இன்னும் இரண்டடி வளர்ந்திருந்தது.

“மதம் பிடிச்ச யானை சார்! கன்னத்துல ஒழுகறது. அந்த டிரைவர் ஒரு முட்டாள், எறங்காதடான்னா எறங்கிட்டான்.”

“ஒங்களுக்கு பயமா இல்லியா?” என்றார் ஒரு விருந்தாளி.

“பயந்தா ஆகுமா? நான்தான் அவன உள்ள இழுத்துப் போட்டேன்.”

சரோஜா அம்மா தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தை மேசையில் ‘ணங்’ என்று வைத்தார். “நான் எடுத்த போட்டோவக் காட்டுங்களேன். நீங்க வாழைப்பழத்தோட வெளியில நிக்கறேள், அந்த மனுஷன் ஸ்டியரிங்ல ஒக்காந்திருக்கார். நன்னா விழுந்திருக்கு.”

சார் என்னைப் பார்த்தார், ‘மாஃபி முஷ்கில்’ வருமென்று. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு பெண்பிள்ளை புருஷனை எதிர்த்து, விருந்தாளிகள் முன்னால் சொல்கிறார். அங்கே வராந்தாவில் எனக்கு வாய் வரவில்லை! கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு நேரே அர்பாபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அர்பாப் கோபப்படவில்லை. “அங்கே கேட்டபோது வாயில் பேரீச்சம்பழமா வைத்திருந்தாய்?” என்று மட்டும் கேட்டார். மரக்காரருக்குக் கடிதம் போனது. கால் போனதால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்த ஜுமாவுக்குக் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. அதிகாரிக்கும் எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டேன். “செத்த யானைக்கு என்ன கடிதம்?” என்றார். என் விசாவும் போகவில்லை, சாரின் விசாவும் போகவில்லை. எதற்குப் பயந்தோமோ அது நடக்கவே இல்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அடுத்த ஏப்ரலில் கம்பு ஏற்றிய கப்பல் துபாய் க்ரீக் ஓடைக்குள் வந்தது. கப்பலாள் ஒருவன் என்னைத் தேடி வந்து ஜுமா சொன்னதைச் சொன்னான். “வேலைக்கு நன்றி. அவளைப் பற்றி எழுதினதை மாற்றச் சொன்னாயா?” கப்பல் திரும்பும்போது நான் ஓடைப் பக்கம் போகவே இல்லை.

சரி, போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை போங்கள், தண்ணீர் குறைவு, யானைகள் குட்டைக்கு வரும். ஊசி அட்டை மறக்காதீர்கள். அத்தர், ஊதுப் புகை, செண்ட் ஒன்றும் வேண்டாம். காற்றுக்கு எதிர்ப்பக்கம் நூற்றைம்பது கெஜத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதவர்கள் துபாயிலேயே மாலுக்குப் போங்கள். காது விரிந்தால், கன்னம் நனைந்தால், கால் ஆடினால், அது உங்களுக்குப் பயப்படுகிறது. பின்னால் போங்கள். டிரைவர் முடியாது என்றால் அந்தச் சொல்லுக்குத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். ஐம்பது டாலரைக் காட்டி அதை விலைக்கு வாங்காதீர்கள். உங்களில் ஒருவருக்கு மட்டும் அவர் பாஷை தெரியுமென்றால், அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள், கேட்பவர் முதலாளியே ஆனாலும்.

ஜுமா இப்போது இருக்க மாட்டார். அந்த அதிகாரியும் இருக்க மாட்டார். அந்தக் காகிதம் எங்காவது ஒரு பெட்டியில் என் பெருவிரலோடு கிடக்கும். அது பொய். ராமநாதன் சார் கதவைத் திறந்தார், திறக்காதே என்ற சொல்லை நான் விழுங்கினேன். அவளுக்கு மதமும் இல்லை, வெறியும் இல்லை. குட்டியை எடுத்துக்கொண்டு போக வந்தாள், எடுத்துக்கொண்டு போனாள்.